விளக்கை அணைத்த வகுப்பு

ஆல்டர் பே, மிச்சிகன்
அக்டோபர் 16

அன்புள்ள ரூடிக்கு,

நானும் ஐலாவும் நலமாக இருக்கிறோம். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். மீதியைப் படிக்கும்போது நீ பதறி எழுந்து, எஞ்சின் அறையின் தாழ்ந்த கூரையில் தலையை இடித்துக்கொள்வாய், உன்னை எனக்குத் தெரியும். முதுகுவலி எப்படி இருக்கிறது? கப்பலுக்கு வந்த புதுச் சமையல்காரர் இன்னமும், கறி அடைத்துச் சுட்டுக் கையில் பிடித்துச் சாப்பிடுகிற நம் பாஸ்டியின் மேல் கிரேவியை ஊற்றித்தான் தருகிறாரா? அந்த ஆளை ஏரியில் தள்ளிவிட்டாலும் நம் ஊரில் ஒரு நீதிபதியும் தண்டனை தரமாட்டார்.

போனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் நீ கப்பலிலிருந்து பேசினால் பாதி காற்று பேசுகிறது, மீதியில் நீ கோபப்படுகிறாய். டெட்ராய்டில் தபால் படகு உங்கள் சரக்குக் கப்பலை ஒட்டி வந்து, இந்தக் கடிதம் கயிற்றில் கட்டிய வாளியில் ஏறி உன் கைக்கு வரட்டும். நான் முடிக்கும் வரை நீ குறுக்கே பேச முடியாது அல்லவா.

செவ்வாய்க்கிழமை வகுப்பில் ஐலாவுக்கு வலிப்பு வந்துவிட்டது. இப்போது நன்றாக இருக்கிறாள், நாக்கில் சின்னக் காயம் தவிர வேறொன்றும் இல்லை. டாக்டர் மாத்திரையின் அளவைக் கொஞ்சம் கூட்டியிருக்கிறார். நான் எழுத வந்தது வலிப்பைப் பற்றி அல்ல, அதைச் சுற்றி நடந்ததைப் பற்றி.

வசந்த காலத்தில் இரண்டு தடவை அவளுக்கு விடியற்காலையில் படுக்கையிலேயே வந்தபோது, பள்ளிக்கூடத்தில் சொல்லிவிடுங்கள் என்று டாக்டர் சொன்னார். நீ வேண்டாம் என்றாய். மாத்திரை இரண்டு வேளையும் வீட்டில்தான், அவர்களுக்கு எதற்குத் தெரிய வேண்டும் என்றாய். உன் அண்ணன் ஆர்னிக்கும் வலிப்பு வந்ததையும், இந்த ஊர் அவரைத் 'துள்ளுமீன்' என்று கூப்பிட்டதையும், அவர் ஏழாம் வகுப்போடு படிப்பை விட்டதையும் அன்றுதான் முதன்முதலாக என்னிடம் சொன்னாய். அதற்குப் பிறகு நான் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. ரொட்டிக் கடையில் தினமும் என் பக்கத்தில் நின்று மாவு தேய்க்கிற ரெனேயிடம்கூடச் சொல்லவில்லை.

அன்றைக்கு அவர்களுடைய டீச்சர் மிஸ் ட்ரெவேனா எதையோ நகல் எடுக்க அலுவலகத்துக்குப் பக்கத்து அறைக்குப் போயிருக்கிறார். ஐலா பென்சில் சீவ எழுந்து போயிருக்கிறாள். அங்கேயே ஓர் அலறலோடு நாற்காலியை இழுத்துக்கொண்டு விழுந்திருக்கிறாள். அந்த அலறல் உனக்கும் எனக்கும் தெரியும். தெரியாத பிள்ளைகளின் காதில் அது எப்படி விழுந்திருக்கும் என்று யோசித்துப் பார்.

வலிப்பு என்றால் என்னவென்று அந்த மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தந்ததில்லை. துப்பாக்கியோடு ஒருவன் பள்ளிக்குள் நுழைந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதை மட்டும் மழலையர் வகுப்பிலிருந்தே சொல்லித்தந்திருக்கிறார்கள். அந்தப் பூட்டுப் பயிற்சி முந்தின வாரம்தான் நடந்தது, சத்தமே இல்லாமல் செய்ததற்காக இந்த வகுப்புக்குப் பாராட்டும் கிடைத்தது. அதனால் கோல்பி என்ற பையன் "பூட்டு, பூட்டு" என்று கத்த, மற்றதெல்லாம் பழகியபடி நடந்திருக்கிறது. கதவைப் பூட்டினார்கள். விளக்கை அணைத்தார்கள். கதவின் கண்ணாடியில் கறுப்புத் துணியை இழுத்துவிட்டு, புத்தக அலமாரிக்குப் பின்னால் போய் மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்துவிட்டார்கள். கதவையும் விளக்கையும் கவனிப்பது இந்த வாரம் ஜோசியின் முறை. ஆமாம், ரெனேயின் மகள் ஜோசிதான், நம் வீட்டிலேயே பாதி வளர்ந்தவள்.

மிஸ் ட்ரெவேனா ஓடி வந்து கதவைத் தட்டியிருக்கிறார், கெஞ்சியிருக்கிறார். யாரும் திறக்கவில்லை. வெளியே யார் குரல் கேட்டாலும் திறக்காதீர்கள், என் குரலாக இருந்தாலும் திறக்காதீர்கள் என்று சொல்லித்தந்ததே அவர்தான். அவருடைய சாவிக்கொத்து உள்ளே மேஜையின் மேல் இருந்தது. துப்புரவாளர் வேறு சாவியோடு வந்து திறக்கும் வரை நம் பெண் இருட்டில் தரையில் கிடந்தாள்.

திறந்து விளக்கைப் போட்டபோது ஜோசி அவள் பக்கத்தில் மண்டி போட்டு, ஐலாவின் வாயைக் கையால் அழுத்திப் பொத்திக்கொண்டிருந்தாளாம். இரண்டு விரல்களில் பல் இறங்கி ஒரே ரத்தம். உடனே அவளை வெளியே கூட்டிப்போய்த் தையல் போட்டிருக்கிறார்கள். ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்டால் அந்தப் பெண் வாயே திறப்பதில்லை. மறுநாள் காலையில் கடைக்கு ரொட்டி வாங்க வந்தவர்கள்கூடக் கேட்கிறார்கள், உங்கள் பெண் கடிக்கிறாளாமே என்று. எனக்கு வந்த கோபத்தில் ஒரு தட்டு பாஸ்டி கருகிவிட்டது.

ஐலாவுக்கு விளக்கு போட்ட பிறகு நடந்தது மட்டும்தான் நினைவில் இருக்கிறது. வீட்டுக்கு வந்து போர்வைக்குள் புகுந்துகொண்டு என்னிடம் சொன்னாள்: "எல்லாரும் என்கிட்டேருந்து ஒளிஞ்சிக்கிட்டாங்கம்மா. அலமாரிக்குப் பின்னாடிலேருந்து எட்டி எட்டிப் பாத்தாங்க. நான் இனிமே அங்க போகமாட்டேன்."

அன்றிலிருந்து போகவில்லை. பள்ளி முதல்வர் போன் செய்தார், மிகவும் மரியாதையாகத்தான் பேசினார். சில பெற்றோர்கள் கவலைப்படுகிறார்களாம். ஐலா தற்காலிகமாக அலுவலகத்துக்குப் பக்கத்துச் சின்ன அறையில் ஓர் உதவியாளரோடு படிக்கலாமாம். ஊர் முனையில் இருக்கிற தற்காலிகப் பாலம் நம் கல்யாணத்துக்கு முன்னால் கட்டியது என்று நான் அவரிடம் சொன்னேன். அவருக்குப் புரியவில்லை, வெளியூர்க்காரர்.

ரூடி, ஆர்னிக்கும் முதலில் கிடைத்தது ஒரு தனி அறைதான், இல்லையா? நம் பெண் அவளுடைய வகுப்பில் அவளுடைய நாற்காலியில்தான் உட்கார வேண்டும். வருகிற வியாழக்கிழமை பள்ளி நர்ஸ் டோனாவோடு நான் அந்த வகுப்புக்குப் போகிறேன், பிள்ளைகளிடம் எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன். நான் உன் அனுமதியைக் கேட்கவில்லை, உனக்குத் தெரிவிக்கிறேன். கோபப்படு, ஆனால் சாப்பிட்டுவிட்டுக் கோபப்படு.

கம்பளி உள்ளாடையை உன் பெட்டியின் அடியில் வைத்திருக்கிறேன். ஏரியில் காற்று ஏறுகிறது என்று வானொலியில் சொன்னார்கள். பத்திரமாக இரு.

அன்புடன்,
நோரீன்


ஆல்டர் பே
அக்டோபர் 26

அன்புள்ள ரூடிக்கு,

சூ ஊர் மதகில் நீர்மட்டம் மாறுவதற்காகக் கப்பல் நின்றபோது நீ போன் செய்தாயே, அதற்குப் பதிலை இப்போது எழுதுகிறேன். "ஊரு வாயில எம் பொண்ணப் போட்டுட்டியா" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாய். உன் கேள்வியின் கீழே இருந்த பயம் எனக்குக் கேட்டது, அதனால் கோபம் அரை நாளில் போய்விட்டது. அரை நாள் இருந்தது என்பதை மட்டும் குறித்துக்கொள்.

வியாழக்கிழமைக்கு முன்னால் ரெனே வீட்டுக்குப் போனேன். அவள் ஒரு வாரமாகக் கடைக்கு வரவில்லை. கதவைத் திறந்து, உள்ளே வா என்று சொல்லாமல் அப்படியே நின்றாள். பிறகு சொன்னாள், "எல்லாம் சரி நோரீன். வசந்த காலத்துலயே உனக்குத் தெரிஞ்சிருக்கு. ஒரு வார்த்த சொல்லியிருந்தா எம் பொண்ணு விரலு தப்பிச்சிருக்கும். ஊருக்கு வேணாம், எனக்காவது சொல்லியிருக்கலாம்ல?" அவள் கேட்டது நியாயம்தான். பிறகு அவளே காப்பி போட்டாள். ஜோசி மாடியிலிருந்து இறங்கி வரவே இல்லை.

ஐலாவை வியாழக்கிழமை காலையில் கெஞ்சிக் கூத்தாடிக் காரில் ஏற்றினேன். வகுப்புக்குள் வரமாட்டேன் என்றாள். சரி, வெளியே கோட்டு மாட்டுகிற இடத்தில் பெஞ்சில் உட்கார், பிடிக்கவில்லை என்றால் வீட்டுக்குப் போகலாம் என்று பேரம் பேசினேன். கோட்டையும் தொப்பியையும் கழற்றாமல், எந்த நிமிஷமும் ஓடத் தயாராக உட்கார்ந்தாள். கதவை நான் மூடவில்லை.

டோனா நல்ல மனுஷி. மூன்று பள்ளிக்கூடங்களுக்கு அவள் ஒருத்திதான் நர்ஸ். ஆனால் பிள்ளைகளிடம் பேசத் தொடங்கியதும் மூளைக்குள் மின்சாரம் எப்படி ஓடுகிறது என்று ஒரு பெரிய படத்தைத் தொங்கவிட்டாள். ஐலாவின் மூளையில் சில சமயம் மின்சாரம் ஒரே நேரத்தில் தாறுமாறாகப் பாய்ந்துவிடும், உடம்பு உதறும், பிறகு தானாக நின்றுவிடும் என்றாள். கோல்பி கையைத் தூக்கினான். "அப்ப நாங்க லைட்ட அணைச்சது நல்லதுதானே?" என்று கேட்டான். டோனா தன் படத்தைத் திரும்பிப் பார்த்தாள். அடுத்து ஒரு பெண், அவளைத் தொட்டால் ஷாக் அடிக்குமா என்று கேட்டாள். ஐலா கடித்ததால் ஜோசி பௌர்ணமிக்குள் வலிப்புக்காரி ஆகிவிடுவாளா என்று இன்னொருவன் கேட்டான். அவன் அண்ணன் அப்படிச் சொன்னானாம். மிஸ் ட்ரெவேனா அதட்டப் போனார், நான் தடுத்தேன். இதையெல்லாம் அந்தப் பிள்ளைகள் ஒன்பது நாளாக மண்டைக்குள் வைத்துக்கொண்டு அலைந்திருக்கிறார்கள்.

நான் மாவு படிந்த கடைச் சட்டையோடுதான் போயிருந்தேன். சின்ன நாற்காலி ஒன்றில் உட்கார்ந்து, ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். ஷாக் அடிக்காது. தொற்றாது. ஐலா யாரையும் கடிப்பதில்லை, அந்த நேரத்தில் தாடை தானாக இறுகும், நடுவில் எது இருந்தாலும் மாட்டிக்கொள்ளும், அவளுடைய நாக்கே மாட்டிக்கொண்டது. அவளுக்கு அப்போது வலிப்பது தெரியாது, யார் என்ன செய்கிறார்கள் என்றும் தெரியாது. செத்துப்போவாளா என்று ஒருத்தி கேட்டாள். அநேகமாக எப்போதும் அது கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும், நிற்காவிட்டால் மருந்து இருக்கிறது, ஆம்புலன்ஸ் இருக்கிறது, அதனால்தான் பெரியவர்களை உடனே கூப்பிட வேண்டும் என்றேன். பொய் சொல்லவில்லை, பயமுறுத்தவும் இல்லை.

ஜோசி கடைசி வரிசையில் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். எல்லோரும் கேட்டு முடித்த பிறகு, கையைத் தூக்காமலே கேட்டாள். "அந்த ஆளப் புடிச்சிட்டாங்களா?"

எந்த ஆள் என்று கேட்டேன்.

"ஐலாவ சுட்டவன்."

ரூடி, மிஸ் ட்ரெவேனா முகத்தைத் திருப்பிக்கொண்டார். மற்ற பிள்ளைகள் யாரும் ஆச்சரியப்படவில்லை, அதுதான் கொடுமை. பாதிப் பேர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். எல்லாம் சரியாகிவிட்டது, பயப்பட ஒன்றும் இல்லை என்று பெரியவர்கள் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். என்ன நடந்தது என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.

யாரும் சுடவில்லை, யாரும் உள்ளே வரவே இல்லை என்று நான் சொல்லச் சொல்ல ஜோசிக்கு அழுகை வந்துவிட்டது. அழுகைக்கு நடுவே எல்லாம் கொட்டியது. "இருட்டுல அவ சத்தம் போட்டுக்கிட்டே இருந்தா. சத்தம் கேட்டா அவன் மறுபடி வந்துருவான். வந்து மறுபடி சுடுவான். அதான் ஊந்து போயி வாயப் பொத்துனேன். எழுந்திரிக்கக் கூடாதுன்னு டீச்சர் சொன்னாங்க, நான் சொன்ன பேச்சு கேக்கல." விரலில் பட்ட காயத்துக்காக அவள் அழவில்லை, பயிற்சியின் விதியை மீறிவிட்டோம் என்று அழுதாள்.

அந்த நேரத்தில் கதவருகே ஓர் ஆரஞ்சுத் தொப்பி தெரிந்தது. ஐலா கோட்டும் பூட்சுமாக உள்ளே வந்தாள். நேராகக் கடைசி வரிசைக்குப் போனாள். நான் எழுந்திருக்கவில்லை.

"நானா கடிச்சேன்?" என்று கேட்டாள்.

ஆமாம் என்றாள் ஜோசி.

"வலிச்சுதா?"

"ரொம்ப."

"காட்டு."

ஜோசி கட்டை விலக்கிக் காட்டினாள். ஐலா குனிந்து நிதானமாகப் பார்த்தாள். "ச்சீ" என்றாள். அதற்கு இரண்டு பேரும் சிரித்தார்கள். பிறகு வகுப்பு முழுவதும் அந்த விரலைப் பார்க்க முண்டியடித்தது. ஜோசி மூக்கை உறிஞ்சிக்கொண்டே காட்டினாள், பார்ப்பதற்கு வரிசையில் வரச் சொன்னாள்.

அடுத்ததைச் சொன்னது நானும் இல்லை, டோனாவும் இல்லை. ஐலா தன் நாற்காலியில் உட்கார்ந்து தொப்பியைக் கழற்றிவிட்டுச் சொன்னாள், தீக்கு ஒரு பயிற்சி இருக்கிறது, துப்பாக்கிக்காரனுக்கு ஒரு பயிற்சி இருக்கிறது, எனக்கும் ஒன்று வேண்டும். உன் மகள்தான், சந்தேகமே இல்லை.

பத்து நிமிஷத்தில் உருவாக்கிவிட்டார்கள். பூட்டுப் பயிற்சியில் எதெல்லாம் செய்வார்களோ அதெல்லாம் தலைகீழ். விளக்கு எரிய வேண்டும். கதவு திறந்திருக்க வேண்டும். சத்தம் போட்டுப் பெரியவர்களைக் கூப்பிட வேண்டும். ஒருவர் நாற்காலிகளை நகர்த்த, ஒருவர் தலைக்கு அடியில் கோட்டை மடித்து வைக்க, ஒருவர் கடிகாரம் பார்க்க வேண்டும். ஐந்து நிமிஷத்துக்கு மேல் போனால் ஆம்புலன்ஸ். பிடித்து அழுத்தக் கூடாது, வாயில் எதையும் வைக்கக் கூடாது. இதைச் சொல்லும்போது எல்லோரும் ஜோசியைப் பார்த்தார்கள், அவள் தலையை நிமிர்த்திக்கொண்டு தெரியும் என்றாள். ஒருக்களித்துப் படுக்கவைப்பது எப்படி என்று டோனா செய்து காட்டினாள், அதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. கீழே விழுகிற வேஷத்தைக் கோல்பி கேட்டு வாங்கிக்கொண்டான். அவன் உதறிய உதறலில் மேஜை விளக்கு உடைந்தது.

இதற்கு ஐலா பயிற்சி என்று பெயர் வைக்கலாம் என்றார்கள். அவள் ஒப்புக்கொள்ளவில்லை. என் பெயர் எனக்கு வேண்டும், வேறு பெயர் வையுங்கள் என்றாள். விளக்குப் பயிற்சி என்று வைத்திருக்கிறார்கள்.

அன்று மதியம் வரை வகுப்பிலேயே இருந்தாள். மறுநாள் பஸ்ஸில் போனாள். முதல்வர் இன்னும் அந்தச் சின்ன அறையைக் காலி செய்யவில்லை. அடுத்த தடவை வலிப்பு வரும்போது என்ன ஆகிறது என்று பார்க்கலாம் என்கிறார். பார்க்கட்டும்.

நீ ஒரு வரியாவது எழுது. திட்டியாவது எழுது.

அன்புடன்,
நோரீன்


ஆல்டர் பே
நவம்பர் 19

அன்புள்ள ரூடிக்கு,

உன் கடிதம் வந்தது. "அவள் சிரித்தாள் என்றால் எனக்கு அது போதும், ஆனால் நான் இங்கே யாரிடமும் சொல்லவில்லை" என்று எழுதியிருக்கிறாய். உன்னிடமிருந்து இரண்டு வரி வந்தால் அது மற்றவர்களின் நான்கு பக்கம், அதனால் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

மான் வேட்டை தொடங்கிய நாளுக்கு வழக்கம்போலப் பள்ளி விடுமுறை விட்டார்கள். கடையில் விடிவதற்குள் பாஸ்டி எல்லாம் தீர்ந்துவிட்டது. உன் துப்பாக்கியை ரெனேயின் கணவர் கடன் கேட்டார். தந்தேன், குறி தவறினால் உன் பெயரைச் சொல்லக் கூடாது என்ற நிபந்தனையோடு. ரெனே மீண்டும் என் பக்கத்தில் நின்று மாவு தேய்க்கிறாள். அவள் வாய் முன்பைவிடக் கூடிவிட்டது.

நேற்று மறுபடியும் வந்தது. வகுப்பில்தான், காலையில் கணக்குப் பாடத்தின்போது. பயப்படாதே, முழுவதும் படி.

இந்தத் தடவை மிஸ் ட்ரெவேனா உள்ளேயே இருந்தார். ஆனால் அவர் கரும்பலகையிலிருந்து திரும்புவதற்குள் பிள்ளைகள் எழுந்துவிட்டார்களாம். எல்லாம் ஒழுங்காக நடந்தது என்று எழுத எனக்கு ஆசைதான். கடிகாரம் பார்ப்பது யார் என்று இரண்டு பேருக்குள் சண்டை வந்து, இரண்டு பேரும் சத்தமாக எண்ணியிருக்கிறார்கள். தலைக்கு அடியில் வைக்க வேட்டைக்காலத்தில் எல்லோரும் போடுகிற ஆரஞ்சுக் கோட்டுகள் ஏழெட்டு வந்து குவிந்து, அவளுக்கு ஒரு மெத்தையே ஆகிவிட்டது. திறக்க வேண்டும் என்ற விதி கோல்பியின் மனதில் பலமாகப் பதிந்திருந்ததால், கதவோடு சேர்த்து அத்தனை ஜன்னல்களையும் திறந்துவிட்டான். பனிக்காற்று உள்ளே வீச, டோனா ஓடி வந்தபோது காகிதங்கள் எல்லாம் பறந்துகொண்டிருந்தன. ஆனால் நம் பெண் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். யாரும் அவளை அழுத்தவில்லை. யாரும் ஒளிந்துகொள்ளவில்லை.

மூன்று நிமிஷத்தில் நின்றுவிட்டது. பிறகு கொஞ்ச நேரம் தூங்கினாள். நான் போய்ச் சேர்ந்தபோது விழித்துக்கொள்கிற நேரம். பாதி வகுப்பு வேறு எதையோ கவனிப்பதுபோல நடித்துக்கொண்டிருந்தது. ஜோசி மட்டும் தரையில், ஐலாவுக்கு நேர் எதிரே, அவளைப் போலவே ஒருக்களித்துப் படுத்திருந்தாள். முகத்துக்கு முகம். அப்படிச் செய்யும்படி அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஏன் இப்படி என்று டீச்சர் கேட்டதற்கு, போன தடவை கண்ணைத் திறந்தபோது அவள் எங்களில் யாரையும் பக்கத்தில் பார்க்கவில்லை, அதனால்தான் என்றாளாம்.

ஐலா கண்ணைத் திறந்தாள். ஜோசியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எல்லாம் தெளிவாகத் தெரியக் கொஞ்சம் நேரம் ஆகும், உனக்குத் தெரியும். ஜோசி பொறுமையாகக் காத்திருந்துவிட்டுச் சொன்னாள், "மூணு நிமிஷம்தான். நீ ஒண்ணும் மிஸ் பண்ணல. வகுத்தல் கணக்கு."

நான் கோட்டு மாட்டுகிற இடத்துக்குப் போய் நன்றாக அழுதுவிட்டு வந்தேன். கவலையில் அழவில்லை. எதற்கு அழுதேன் என்று உனக்கு எழுதத் தெரியவில்லை, வந்த பிறகு சொல்கிறேன்.

முதல்வரும் வந்து பார்த்தார். அந்தச் சின்ன அறையில் மறுபடியும் நகல் எடுக்கும் இயந்திரத்தை வைத்துவிடச் சொல்லிவிட்டார். விளக்குப் பயிற்சியை எல்லா வகுப்புகளுக்கும் நடத்தலாமா என்று டோனாவிடம் கேட்டிருக்கிறார். ஜன்னல்களைப் பற்றி முதலில் பேசிவிடுவோம் என்றாளாம் டோனா.

துள்ளுமீன் என்று இதுவரை யாரும் கூப்பிடவில்லை. நாளைக்கு எவனாவது கூப்பிடலாம், நான் கண்ணை மூடிக்கொண்டு இல்லை. ஆனால் ஆர்னிக்குப் பக்கத்தில் அன்றைக்கு ஒரு ஜோசி படுத்திருக்கவில்லை. சின்னத் தம்பியான நீ ஒருவன்தான் இருந்தாய், உன்னிடமும் வீட்டில் வெளியே சொல்லாதே என்றுதான் சொல்லியிருப்பார்கள். அதற்காக உன்மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை ரூடி. ஆர்னிக்கு நான் ஒரு கடிதம் எழுதலாமா? இதற்கு மட்டும் உன் அனுமதியைக் கேட்கிறேன்.

இன்னொன்று. இதற்காகத்தான் இன்றைக்கு எழுத உட்கார்ந்தேன், மற்றதெல்லாம் வழியில் வந்தவை. நேற்று சாயங்காலம் சூப் குடித்துக்கொண்டிருக்கும்போது ஐலா கேட்டாள். "அப்பா போன்ல எல்லாம் சத்தமா கேக்குறாரு. ஸ்கூல் எப்படி, பல்லு விழுந்துச்சா, எல்லாம். 'அது வந்துச்சா'ன்னு மட்டும் ஏம்மா ரகசியமா கேக்குறாரு?"

கப்பலில் எந்த நேரமும் யாராவது தூங்கிக்கொண்டிருப்பார்கள், அதனால்தான் என்றேன். அவள் தலையை ஆட்டினாள். நம்பினாள் என்று எனக்குத் தோன்றவில்லை. என்னைச் சங்கடப்படுத்த வேண்டாம் என்று விட்டுவிட்டாள்.

அடுத்த தடவை சூ மதகில் கப்பல் நிற்கும்போது, மற்றவர்கள் சுற்றி நிற்கிற இடத்திலிருந்தே அவளைக் கூப்பிடு. எஞ்சின் அறைக்காரர்கள் இருக்கட்டும், அந்தக் கிரேவிச் சமையல்காரரும் இருக்கட்டும். அந்தக் கேள்வியை நீ பல்லைப் பற்றிக் கேட்கிற அதே குரலில் கேள். அவள் வெட்கப்படாமல் சத்தமாகத்தான் பதில் சொல்வாள்.

ஏரி உன்னிடம் சாதுவாக நடந்துகொள்ளட்டும்.

அன்புடன்,
உன் நோரீன்